பிழை காணும் கல்வி
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து ஆண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது நடப்பது எளிய செயல் அன்று. ஷிப்டு மாறும் நேரத்தைக் கொண்டே நாளைப் பகுத்து வாழும் இத் தேர்வாய் கண்டிகைச் சுற்றுவட்டாரத்தில், உழைத்துக் களைத்தவர்கள் பாட்டுக்கென்று கூடியமர்வது அதனினும் அரிது. அதனை நிகழ்த்திக் காட்டிய பெருமக்களை முதற்கண் போற்றுகிறேன்.

மாணவர்க்கு மென்பொருள் சோதனையைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியனுக்கு இவ்வவையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கவியரங்கமும் திறனாய்வும் நிகழும் மேடையில் கணிப்பொறிக்கு இடமேது என்பது நியாயமான வினாவே. அதற்கு விடையாகவே என் உரை முழுவதும் அமையும். இறுதியில் ஒரு வேண்டுகோளும் உண்டு. அவ்வேண்டுகோளின் பொருட்டே இங்கு வந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சோதனை என்பது யாது?

மென்பொருள் என்பது கணிப்பொறிக்கு மனிதன் எழுதித் தரும் கட்டளைத் தொகுதி. எழுதுவோன் மனிதன் ஆதலின் பிழை நேரும். அப்பிழை பயன்படுத்துவோரைச் சென்றடையுமுன் தேடிக் காண்பதே சோதனை. கிளென்ஃபோர்டு மையர்சு என்னும் அமெரிக்கர் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கொரு தெளிவான இலக்கணம் வகுத்தார். செய்நிரல் நன்றாக இயங்குகிறது என்று காட்டுவதற்காக அன்று, பிழையைக் கண்டுபிடிக்கும் நோக்கத்தோடு அதனை இயக்கிப் பார்ப்பதே சோதனை என்பது அவர் கருத்து. டச்சு நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இன்னும் ஒருபடி மேலே சென்று, பிழை உண்டு என்பதைச் சோதனையால் காட்டலாம், பிழையே இல்லை என்பதை ஒருகாலும் காட்ட இயலாது என்றார். இவ்விரு கருத்துகளையும் உள்ளத்தில் இருத்திக்கொண்டால், சோதிப்போன் பணிவும் ஐயமும் ஒருங்கே உடையவனாக இருத்தல் வேண்டும் என்பது விளங்கும்.

பிழையின் விலை எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ஏவூர்தி முதன்முறையாக விண்ணில் ஏவப்பட்டது. ஏறத்தாழ 40 நொடிகளில் அது பாதை பிறழ்ந்து சிதறியது. பழைய ஏரியான் 4 ஏவூர்தியில் பழுதின்றி இயங்கிய மென்பொருளின் ஒரு பகுதியை அப்படியே புதியதிலும் வைத்திருந்தார்கள். புதிய ஊர்தியோ விரைவு மிக்கது. அதன் வேகத்தைக் குறித்த எண், அதற்கென ஒதுக்கிய சிறிய இடத்தில் அடங்கவில்லை. பிழையெல்லாம் அவ்வளவே. புதிய ஊர்தியின் உண்மையான பயணப் பாதையைக் கொண்டு அக்கருவி ஒருமுறையும் சோதிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. மெய்யான சூழலில் சோதிக்காத பொருளை நம்பியதன் விளைவு அது.

நம் ஊர் அறிந்த சோதனை

சோதனை என்பது இவ்வட்டாரத்துப் பிள்ளைகட்குப் புதிய சொல் அன்று. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருட்டாலைகளில் வார்த்தெடுத்த கம்பியை அப்படியே விற்பனைக்கு அனுப்புவதில்லை. மாதிரிக்கு ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் பூட்டி, அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்க்கிறார்கள், வளைத்துப் பார்க்கிறார்கள், வளைத்ததை மீண்டும் நிமிர்த்தி விரிசல் காண்கிறதா என்று நோக்குகிறார்கள். தேர்வாய் கண்டிகைச் சிப்காட்டில் மிஷ்லின் நிறுவனத்தின் டயர் ஆலை இருக்கிறது. டயர்த் தொழிலில் உருவாகி வரும் ஒவ்வொரு டயரையும் கண்ணாலும் கையாலும் தடவிப் பார்க்கும் ஆட்கள் உண்டு. தந்தையோ தமையனோ தமக்கையோ இத்தகைய வேலையில் இருக்கும் வீட்டிலிருந்துதான் நம் மாணவர்கள் வருகிறார்கள். ஆகவே, விற்கு முன் சோதி என்னும் பாடத்தை அவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை அவர்கள் உணர்ந்தாக வேண்டும். இரும்புக் கம்பியில் ஒரு துண்டு பழுதாயின் மற்றொன்று நன்றாயிருக்கலாம். மென்பொருளிலோ எல்லாப் படிகளும் ஒன்றே; ஒன்றிலுள்ள பிழை பல்லாயிரம் பேர் கையில் ஒரே கணத்தில் இருக்கும். மேலும் கம்பி எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை இந்தியத் தர நிர்ணயம் எண்ணிட்டு எழுதி வைத்திருக்கிறது. மென்பொருளுக்கோ எது சரி என்பதே பல வேளைகளில் எழுதப்படாமல் இருக்கும். இவ்விரண்டாவது வேறுபாட்டிலேதான் நான் சொல்ல வந்த பொருள் அடங்கியிருக்கிறது.

வகுப்பறையில் குறைவது

பொறியியல் கல்லூரிகளில் சோதனையைக் கற்பிக்காமல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், மென்பொருள் சோதனையும் தன்னியக்கமும் என்பது ஒரு விருப்பப்பாடமாகவே இடம்பெற்றுள்ளது. நூல்களும் உண்டு. தமிழிலும் கி. முத்துராமலிங்கம் அவர்கள் எழுதிய எளிய தமிழில் சாப்ட்வேர் டெஸ்டிங் என்னும் நூல் கணியம் வாயிலாக இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கும் சிற்றூர் மாணவனுக்கு அது நல்ல துணை.

குறை எங்கே எனில், பயிற்சியில். மையர்சின் நூலில் புகழ்பெற்ற ஒரு பயிற்சி உண்டு. மூன்று எண்களைத் தந்தால், அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் எவ்வகையினது என்று கூறும் செய்நிரலைச் சோதிக்க வேண்டும். மிக நல்ல பயிற்சி. 1, 2, 3 என்னும் எண்களைத் தந்தால் முக்கோணமே அமையாது என்பதை எத்தனை மாணவர் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று கண்டறியலாம். ஆனால் ஐம்பது ஆண்டை நெருங்கும் அப்பயிற்சிக்கு விடை ஊரறிந்தது. ஆசிரியருக்கு விடை தெரியும். ஆசிரியருக்குத் தெரியும் என்பது மாணவனுக்கும் தெரியும். அங்கே மாணவன் தேடுவது பிழையை அன்று. ஆசிரியர் மனத்தில் ஒளித்து வைத்த விடையை.

மெய்யான திட்டத்தில் இந்நிலை மாறுகிறது. பிழை உண்டா இல்லையா என்பது ஆசிரியனுக்கும் தெரியாது. எது சரி என்பதை விசாரித்து அறிய வேண்டும். கண்ட பிழையை முகமறியாத ஒருவருக்கு எழுதிப் புரியவைக்க வேண்டும். அவர் மறுக்கலாம், மறுத்தால் சான்று காட்ட வேண்டும். திருத்தினால், திருத்தம் சரிதானா, அதனால் வேறெங்கேனும் புதுப்பிழை முளைத்ததா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்; எழுதிக் காட்டுவதால் வந்துவிடா.

இதனை உணர்ந்து முயன்றவர்கள் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த செம் கானர், தம் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் என்னும் திறந்தநிலை மென்பொருளின் மெய்யான பிழையறிக்கைகளை எடுத்து ஆய்ந்து, அவற்றைச் செம்மைப்படுத்தும் பணியை மாணவர்க்குத் தந்தார். அருகில் பெங்களூரில் 2009ஆம் ஆண்டு, சோதனைத் துறையினர் சிலர் வார இறுதிதோறும் இணையத்தில் கூடி, மெய்யாகப் புழங்கும் ஏதேனும் ஒரு மென்பொருளை எடுத்துச் சோதித்து, பின்னர்த் தாம் செய்ததைத் தாமே விமரிசனம் செய்துகொள்ளும் வழக்கத்தைத் தொடங்கினர். கவியரங்கம் முடிந்ததும் நாம் அமர்ந்து பேசுவது போன்றதே அது.

எத்திட்டத்தை எடுப்பது?

நம் மாணவர்க்கு மெய்யான திட்டம் எது? ஆலைகளின் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளைத் தரலாமே என்று தோன்றும். அது நடவாது. அவை நிறுவனங்களின் மறைபொருள். அன்றியும், ஓடும் இயந்திரத்தோடு கற்றுக்குட்டி விளையாடுதல் உயிருக்கே ஊறு. வங்கி மென்பொருளும் அத்தகையதே.

எவரும் திறந்து பார்க்கக்கூடியதும், பிழை கண்டு எழுதினால் வரவேற்பதும், மாணவன் தன் அறிவைக் கொண்டே சரி தவறு உணரத்தக்கதுமான ஒன்று வேண்டும். அத்தகையது நம் கையருகிலேயே இருக்கிறது. அதுதான் தமிழ் மென்பொருள். எழுத்துருக்கள், தட்டச்சுக் கருவிகள், சொற்பிழை திருத்திகள், அகராதிகள், யாப்பு ஆராயும் செய்நிரல்கள் எனப் பலவற்றைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றி ஆக்கி, மூலத்தோடு வெளியிட்டிருக்கிறார்கள். ஆக்கியவர் சிலர், ஊன்றிச் சோதித்தவர் அவரினும் சிலர்.

இங்கே என்ன பிழை நேரும் என்பதைக் கணிப்பொறி அறியாத பெருமக்களுக்கும் விளங்குமாறு சில சொல்கிறேன்.

முதலாவது, எழுத்தெண்ணிக்கை. தமிழ் என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று நம் வீட்டுக் குழந்தை சொல்லும். யூனிகோடு முறையில் கணிப்பொறி அதனைத் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகவே சேமித்து வைக்கிறது. செய்நிரல் எழுதியவர் கவனியாது விட்டால் ஐந்து என்றே விடை வரும்.

இரண்டாவது, அகரவரிசை. மரம், மலர், மறம் என்பதே நம் அகராதி முறை. ரகரம், லகரம், வகரம், ழகரம், ளகரம் கடந்த பின்னரே றகரம் வரும். யூனிகோடு அட்டவணையிலோ ரகரத்தை அடுத்தே றகரம் நிற்கிறது. அவ்வரிசையை அப்படியே பின்பற்றும் செய்நிரல் மரம், மறம், மலர் என்று அடுக்கும். நூலகப் பட்டியல் இவ்வாறு அமைந்தால், தேடுவோர் கண்ணுக்கு நூல் அகப்படாமலே போகும்.

மூன்றாவது, கண்ணை ஏமாற்றும் எழுத்து. மௌனம் என்னும் சொல்லை முறையாகத் தட்டினால் மௌ, ன, ம் என மூன்றெழுத்து. பலரும் ஔகாரக் குறி கிடையாமல் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். கணிப்பொறிக்கோ இரண்டாவது மெ, ள, ன, ம் என்னும் நான்கெழுத்துச் சொல்.

இதனால் என்ன கேடு என்பீராயின், பாவலர்களாகிய தாங்கள் சற்றே அலகிட்டுப் பாருங்கள். முறையாகத் தட்டிய சொல் நேர் நேர், தேமா. தவறாகத் தட்டியது நிரை நேர், புளிமா. முன்னே காய்ச்சீர் நிற்பின், சரியான வெண்டளையைக் கருவி தளை தட்டுவதாகச் சொல்லும். முன்னே மாச்சீர் நிற்பின், உண்மையில் தட்டிய தளையைச் சரி என்று ஏற்றுக்கொள்ளும். இல்லாத பிழையைக் கூறுவது ஒன்று. இருக்கும் பிழையைக் காணாதுவிடுவது மற்றொன்று. சோதனைக் கலையில் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவதே தலையாய பாடம். அதனை ஒரே சொல்லில் கற்பிக்கத் தமிழில் முடிகிறது.

வெண்பாவும் எல்லைச் சோதனையும்

யாப்பை ஆராயும் மென்பொருள் கற்பனை அன்று. வினோத் ராஜன் என்னும் அறிஞர் அவலோகிதம் என்ற பெயரில் அத்தகைய ஒன்றை உருவாக்கி இணையத்தில் எவரும் பயன்படுத்துமாறு வைத்துள்ளார். பாடலை இட்டால் அசை, சீர், தளை, தொடை முதலியவற்றைப் பிரித்துக் காட்டிப் பாவகையையும் கூறும். தமிழுக்குக் கிடைத்த அரிய கருவி அது. இத்தகைய கருவியைச் சோதிக்க அமர்கின்ற மாணவன் என்ன செய்வான் என்பதைக் கூறுகிறேன்.

சோதனையில் எல்லைமதிப்பு என்றொரு முறை உண்டு. பிழை பெரும்பாலும் நடுவில் ஒளிந்திருப்பதில்லை; எல்லையோரத்தில்தான் பதுங்கியிருக்கும். ஆகவே ஒவ்வோர் எல்லையின் இருபுறமும் தட்டிப் பார்க்க வேண்டும். வெண்பாவுக்கு அடியெல்லை உண்டன்றோ? இரண்டடி குறள் வெண்பா, மூன்றடி சிந்தியல், நான்கடி நேரிசையும் இன்னிசையும், ஐந்து முதல் பன்னிரண்டடி பஃறொடை, அதற்கு மேற்பட்டது கலிவெண்பா. எனவே 1, 2, 3, 4, 5, 12, 13 அடிகள் கொண்ட பாடல்கள் வேண்டும். ஓரடியை இட்டால் கருவி என்ன சொல்கிறது? பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் பெயர் மாறுகிறதா? பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்வதை, நம் இலக்கணம் ஓர் அட்டவணையில் தந்துவிடுகிறது.

ஈற்றுச்சீரை எடுத்துக்கொள்ளுங்கள். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிய வேண்டும். பாட்டு என்று முடிந்தால் காசு; ஏற்கலாம். வானம் என்று முடிந்தால் நேர் நேர் என்னும் அசையளவில் ஒத்திருப்பினும் தேமாவே, ஏற்றலாகாது. அசையை மட்டும் எண்ணும் செய்நிரல் இரண்டையும் ஏற்றுவிடும். இவ்வாறு ஒத்துத் தோன்றி வேறுபடும் இணைகளைத் தேடிப் பிடிப்பதே சோதிப்போன் திறம். குற்றியலுகரம், குற்றியலிகரம், ஐகாரக்குறுக்கம், அளபெடை, ஆய்தம், வகையுளி என்று மாணவன் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினால், பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த இலக்கணம் அவனுக்குக் கருவியாகிவிடும்.

யாரைக் கேட்பது?

இவ்விடத்தில்தான் என் மாணவர்கள் ஒரு வினாவை எழுப்பினார்கள். "ஐயா, ஈற்றில் முற்றியலுகரம் வந்தால் கருவி ஏற்க வேண்டுமா, தள்ள வேண்டுமா? சரி எது என்று யாரைக் கேட்பது?" என்றார்கள்.

சோதனைத் துறையில் மிகக் கடினமான சிக்கல் என்று அறிஞர் கருதுவது இதுவே. கிடைத்த விடை சரிதானா என்று தீர்ப்பளிக்க ஓர் அளவுகோல் வேண்டும். அளவுகோல் இல்லையேல் ஆயிரம் சோதனை செய்தும் பயன் இல்லை. இதனை நம் முன்னோர் ஒரு கதையாகச் சொல்லி வைத்தனர். இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டபோது, மெய்யுரை எது என்று தேர்வதற்கு உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளையை அமர்த்தினார்கள் என்பது அந்நூலுரை கூறும் செய்தி. எவ்வுரைக்கும் அசையாதிருந்த பிள்ளை, மருதனிளநாகனார் உரையில் சில இடங்களிலும் நக்கீரனார் உரையில் பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். உரை எழுதத் திறம் படைத்த புலவர்கள் ஒரு சங்கமே இருந்தும், சரி எது என்று சொல்ல வேறொருவர் வேண்டியிருந்தது என்பதே அக்கதை உணர்த்தும் உண்மை.

எழுதியவரே சோதித்தல் போதாது என்பதை இன்றைய தமிழ் விக்கிமூலத்திலும் காணலாம். அங்கே ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும்; மற்றொருவர் மீண்டும் பார்த்து ஒப்பினாலன்றிப் பச்சை நிறம் பெறாது.

என் மாணவர்க்குக் கணிப்பொறி தெரியும்; எல்லைமதிப்புத் தெரியும்; பிழையைப் பதியத் தெரியும். வெண்பாவின் ஈற்றில் எது ஏற்கத்தக்கது என்று துணிந்து சொல்லும் புலமை அவர்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அப்புலமை இவ்வவையில் இருக்கிறது. சிறுபான்மை முற்றியலுகரமும் வரலாம் என்று இலக்கணம் இடந்தருவதைத் தாங்கள் அறிவீர்கள். அறிந்ததோடு, அது சிறுபான்மை என்பதையும் சேர்த்துச் சொல்வீர்கள். அந்த நுட்பம்தான் எனக்கு வேண்டும். ஏனெனில் எல்லாம் சரி, தவறு என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்குவதில்லை. வாழ்த்துகள் என்பதா, வாழ்த்துக்கள் என்பதா என்று இன்றும் அறிஞரிடையே வழக்கு நடக்கிறது. சொற்பிழை திருத்தி ஒன்றைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டினால் அது பிழையா, கருத்து வேறுபாடா? பிழையைப் பிழை என்றும், வழக்கை வழக்கு என்றும் பிரித்து எழுதக் கற்ற மாணவன் எந்த அலுவலகத்திலும் மதிக்கப்படுவான்.

பிழையறிக்கையும் ஓர் எழுத்துக் கலை

பிழையைக் கண்டால் போதாது, எழுத வேண்டும். நல்ல பிழையறிக்கையில், என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எதிர்பார்ப்புக்கு ஆதாரம் யாது என்னும் நான்கும் இருக்கும். நான் செய்ததையே செய்து அவரும் அப்பிழையைக் காணுமாறு படிப்படியாக எழுத வேண்டும். மிகையான சொல் கூடாது. குறைவான சொல்லும் கூடாது. நன்றாக வேலை செய்யவில்லை என்று எழுதுவது அறிக்கை அன்று, புலம்பல். ஆக்கியவரை இழித்துரைப்பதும் ஆகாது. ஊதியமின்றித் தமிழுக்கு உழைத்தவர் அவர். அவர் நூலுக்கு நாம் மெய்ப்புப் பார்க்கிறோம் என்னும் பரிவு தேவை.

தெளிவாக எழுதிய முறையீடு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை இவ்வூரே அறியும். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்பட்டு வந்த நிலத்தில் தொழிற்பூங்கா அமைவதைத் தேர்வாய் மக்கள் எதிர்த்தனர். 2012ஆம் ஆண்டு ஊர்ச் சங்கமும் பிற அமைப்புகளும் இணைந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின் கீழ்ப் பிரான்சு நாட்டுத் தொடர்பு அமைப்பிடம் முறையீடு அளித்தன. அவ்வழக்கின் நியாயத்தை எடைபோடுவது இன்றைய உரையின் பொருள் அன்று. கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் சொல், பாரிசு நகரத்து மேசையில் எடுத்து ஆராயப்பட்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். நடந்தது இது, விதி இது, இரண்டும் இங்கே முரண்படுகின்றன என்று எழுதத் தெரிவது குடிமகனுக்குரிய கல்வி. நிலம் தந்த ஊர்களின் பிள்ளைகள் ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலியாக நிற்பதோடு முடிந்துவிடக் கூடாது எனின், அக்கல்வி அவர்களுக்கு வேண்டும்.

தடைகளும் விடைகளும்

இதற்குச் சில தடைகள் எழும். தமிழ் மென்பொருளைச் சோதித்தால் வேலை கிடைக்குமா என்பது பெற்றோர் கேட்கும் முதல் வினா. நிறுவனங்கள் தமிழ் யாப்பை நேர்முகத்தில் கேட்பதில்லை, உண்மையே. ஆனால் நீ செய்த பணியைக் காட்டு என்று கேட்பார்கள். தான் எழுதி, பிறர் ஏற்று, திருத்தம் பெற்ற பிழையறிக்கைகளை எவரும் காணும் இடத்தில் காட்ட முடிந்த மாணவன், சான்றிதழ் மட்டும் காட்டுபவனைவிட மேலான நிலையில் இருப்பான்.

மாணவரை ஊதியமின்றி உழைக்க வைப்பதாகாதா என்பது இரண்டாம் தடை. இலாபம் ஈட்டும் நிறுவனத்தின் பண்டத்தைச் சோதிக்க வைத்தால் அது உழைப்புச் சுரண்டலே. ஆகவேதான் பொதுச்சொத்தாகிய மென்பொருளை மட்டுமே எடுக்க வேண்டும் என்கிறேன். மாணவர் பெயர் அவர்தம் அறிக்கையில் நிற்றல் வேண்டும்.

இனி எல்லாவற்றையும் இயந்திரமே எழுதும்போது சோதிப்போன் எதற்கு என்பது மூன்றாம் தடை. 2022 நவம்பரில் சாட் ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது முதல் இவ்வினா வலுத்திருக்கிறது. இயந்திரத்திடம் வெண்பா ஒன்று கேளுங்கள். வெண்பாப் போன்ற ஒன்றைத் தயங்காமல் தரும். தளை தட்டினாலும் தட்டவில்லை என்றே உறுதி கூறும். எழுதுவது எளிதாக எளிதாக, எழுதியது சரிதானா என்று காண்பதே அரிதாகிறது. தமிழறியாதார் சோதிக்காது விட்ட பிழை, நாளை கோடிப் படிகளாகப் பெருகி, அதுவே தமிழ் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும். அச்சுக்கூடக் காலத்தில் ஒரு பிழை ஒரு பதிப்போடு நின்றது. இனி அவ்வாறு நில்லாது. இதனைத் தடுக்க வேண்டுமானால், தமிழறிந்தாரும் கணிப்பொறி அறிந்தாரும் ஒரே மேசையில் அமர வேண்டும்.

என் வேண்டுகோள்

ஆதலின் இவ்வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் எங்கள் மாணவர்க்கு ஒதுக்குங்கள். அவர்கள் கருவியோடு வருவார்கள். தாங்கள் காதோடு வாருங்கள்.

இரண்டு, சோதனைக்கென்றே பாடல்கள் எழுதித் தாருங்கள். சரியான வெண்பா போதாது. ஓரிடத்தில் மட்டும் தளை தட்டுவது, ஈற்றுச்சீர் மட்டும் பிறழ்வது, மோனை இருந்தும் எதுகை இல்லாதது என்று வேண்டுமென்றே ஒரு குறை மட்டும் வைத்த பாடல்கள் தேவை. நன்றாக எழுதத் தெரிந்தவரால்தான் அளந்து பிழைபட எழுத முடியும். நூறு பாடல்கள் சேர்ந்தால் அதனைப் பொதுவில் வைப்போம். நாளை யாப்பு மென்பொருள் எழுதும் எவருக்கும் அது உரைகல் ஆகும்.

மூன்று, ஒவ்வொரு பாடலின் கீழும் தங்கள் தீர்ப்பையும் அதற்குரிய இலக்கண விதியையும் ஒருவரி எழுதுங்கள். தங்களுக்குள் கருத்து வேறுபட்டால் அதனை மறையாமல் இரண்டையும் எழுதுங்கள். மூத்தோர் இருவர் மாறுபட்டும் ஒருவரை ஒருவர் மதித்து எழுதியதைப் பார்ப்பதே மாணவர்க்குப் பெரும் பாடம்.

இதற்கு ஈடாக நாங்கள் தரக்கூடியது சிறிது. இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளை மாணவர்கள் தட்டச்சிட்டு, மௌனம் மௌனமாகவே இருக்குமாறு எழுத்துச் சரிபார்த்து, அகரவரிசை பிறழாத அட்டவணையோடு ஒப்படைப்பார்கள். ஒருவர் தட்டியதை மற்றொருவர் சரிபார்ப்பார். இறுதியாகப் பாடலாசிரியராகிய தாங்கள் பார்த்து ஒப்புதல் தருவீர்கள். அதுவே அவர்களின் முதல் மெய்யான திட்டமாக அமையட்டும். பிழை மிஞ்சினால் அவர்களிடமே சொல்லுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன இருக்க வேண்டும் என்று எழுதியே சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான்கு மாணவர்கள் இதே மண்டபத்திற்கு வருவார்கள்.